இருப்புப்பாதையின் இரு கணக்குகள்

கார்த்திகைத் தீபத்தன்றும் முழுநிலா இரவுகளிலும் திருவண்ணாமலை இரயில் நிலையத்தில் வந்து இறங்கும் மக்கள் வெள்ளத்தைக் கண்டவர் பலர். அந்நிலையத்துக்கும் அதனை ஊரோடு இணைத்த இருப்புப்பாதைக்கும் ஒரு வரலாறு உண்டு என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. பதினான்கு கிலோமீட்டர் மலைவலம் வருவது கத்தோலிக்கராகிய நமது வழக்கமன்று. எனினும் ஆண்டுதோறும் ஆரோக்கிய அன்னையின் திருவிழாவுக்காக நாகப்பட்டினம் வரை இரயிலில் சென்று வேளாங்கண்ணியை அடைந்த நம் முன்னோரையும், அண்ணாமலையாரைக் காண வந்த அம்மக்களையும் ஏற்றிச் சென்றது ஒரே நிறுவனம்தான். தென்னிந்திய இரயில்வே கம்பெனி என்பது அதன் பெயர். அதன் கதையில் நமக்கும் பங்குண்டு. நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டிய மனச்சான்றின் கேள்விகளும் உண்டு.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள், மதுரையில் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த பதினாறு வயது மாணவன் ஒருவன் வீட்டைவிட்டுப் புறப்பட்டான். வேங்கடராமன் என்னும் அச்சிறுவனே பின்னாளில் இரமண மகரிஷி என உலகம் அறிந்தவர். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரு குறிப்போடு வைத்துவிட்டுச் சென்றான். பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள நிலையம் திண்டிவனம் எனக் கருதி, இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குப் பயணச்சீட்டு வாங்கினான். வண்டியில் உடன் பயணம் செய்த மௌல்வி ஒருவர்தாம், விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே இரயிலில் செல்லலாம் என அவனுக்கு எடுத்துரைத்தார். நிலப்படம் பொய் சொல்லவில்லை. அது அச்சானபோது அந்தப் பாதை இல்லை, அவ்வளவே. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் கிளைப்பாதை, 1890-களின் தொடக்கத்தில்தான் மக்கள் பயன்பாட்டுக்கு வந்திருந்தது.

கையிலிருந்த சில்லறை மாம்பழப்பட்டு வரைதான் போதுமானதாயிற்று. அங்கிருந்து அறையணிநல்லூருக்கு நடந்து, பின்னர் திருக்கோவலூரை அடைந்து, காதிலிருந்த கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, எஞ்சிய தொலைவையும் இரயிலிலேயே கடந்து, செப்டம்பர் முதல் நாள் காலை அச்சிறுவன் திருவண்ணாமலையில் இறங்கினான். அதன்பின் அவன் அந்த ஊரைவிட்டு நீங்கவேயில்லை.

இப்பயணத்தைச் சாத்தியமாக்கிய பாதையை இட்டவர் யார்? எதற்காக இட்டனர்? அதற்கான விலையைக் கொடுத்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது. அது சென்னை இரயில்வே கம்பெனியின் முயற்சி. காவிரிப் படுகையை நோக்கமாகக் கொண்டு இங்கிலாந்தில் உருவானது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்னும் மற்றொரு கம்பெனி. அது நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, 1861-இல் தஞ்சாவூரையும் 1862-இல் திருச்சிராப்பள்ளியையும் எட்டியது. பின்னர் கரூர் வழியாக ஈரோடு வரை நீண்டது. துறைமுகத்திலிருந்து உள்நாட்டை நோக்கிப் பாதை சென்றது என்பதைக் கவனிக்க வேண்டும். விளைபொருளைக் கப்பலுக்குக் கொண்டு வருவதும், இங்கிலாந்தின் சரக்கை உள்ளூருக்குக் கொண்டு செல்வதுமே முதலிட்டோரின் எண்ணம். இதற்கிடையே அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865-இல் ஒரு குறும்பாதையைத் திறந்த வேறொரு சிறு கம்பெனி, பின்னர் கர்நாடிக் இரயில்வே எனப் பெயர் பெற்றது. இவ்விரண்டும் இணைந்து 1874-இல் தென்னிந்திய இரயில்வே கம்பெனி உருவாயிற்று.

இக்கம்பெனிகளுக்கு முதல் கிடைத்த முறை நம் கவனத்துக்குரியது. பாதைக்கான நிலத்தை அரசு இலவசமாக வழங்கியது. அதுமட்டுமன்று; இலண்டனில் பங்கு வாங்கியவருக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டி உறுதி என அரசு வாக்களித்தது. இரயில் ஓடி அந்த அளவுக்கு ஆதாயம் கிட்டினால் நன்று. கிட்டாவிடில், குறைந்த தொகையை இந்திய வருவாயிலிருந்து அரசே ஈடுசெய்யும். அதாவது, வண்டியில் ஒருபோதும் ஏறியிராத உழவன் செலுத்திய நிலவரியும், கஞ்சிக்கு உப்பு வாங்கிய கூலியாள் செலுத்திய உப்புவரியும், கடல் கடந்த பங்குதாரரின் வட்டிக்கு ஈடாக நின்றன. இழப்பு வரின் அது இந்தியருக்கு. ஆதாயம் வரின் அது பங்குதாரருக்கு. கம்பெனியின் கணக்கேடு இவ்வாறு எழுதப்பட்டது.

சிக்கனம் கருதி 1870-களில் மீட்டர் பாதை முறை ஏற்கப்பட்டது. ஐந்தடி ஆறங்குல அகலத்தில் இடப்பட்ட நாகப்பட்டினம் - திருச்சிப் பாதையும் 1875-இல் பெயர்க்கப்பட்டுக் குறுகிய மீட்டர் பாதையாக மாறியது. மதுரையிலிருந்து தூத்துக்குடி வரையிலான பாதை 1876-இன் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை எனக் கடலோரம் சார்ந்து வந்த பெரும்பாதை அதன்பின் சில ஆண்டுகளில் முழுமை பெற்றது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கும் இரயில் சென்றது. தென்னார்க்காட்டு நிலக்கடலை அத்துறையிலிருந்து கப்பலேறி மார்செய் நகர ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

பாதை பெருகிய அதே ஆண்டுகளில்தான் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில் இருந்தும் மக்கள் மடிந்தது எப்படி என்பது வரலாற்றின் வேதனைமிக்க வினா. வங்காளத்திலிருந்து சென்னைக்குக் கப்பலில் வந்த தானியத்தை இரயில்கள் உள்நாட்டுக்குக் கொண்டு சென்றது உண்மையே. ஆனால் தானியம் எங்கே விலை மிகுதியோ அங்கே அதனை விரைந்து இழுத்துச் செல்லவும் அதே இரயில் உதவியது. பஞ்சம் இல்லாத ஊர்களிலும் விலை ஏறியது. கையில் காசில்லாத கூலியாளுக்கு, நிலையத்தில் குவிந்து கிடந்த மூட்டை கண்ணுக்கு எட்டியும் கைக்கு எட்டாததாயிற்று. நாட்டிலிருந்து தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. வண்டி தானியத்தைச் சுமக்கும். இரக்கத்தைச் சுமப்பது மனிதரின் வேலை.

அவ்விரக்கம் இம்மண்ணில் அறவே இல்லாமற் போகவில்லை என்பதற்குச் சேத்துப்பட்டு சாட்சி. திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்குக் கிழக்கே உள்ள அவ்வூரில் உயர்ந்து நிற்கும் லூர்து அன்னை ஆலயத்தை நம்மில் பலர் தரிசித்திருப்போம். பாரிஸ் அயல்நாட்டு மறைபணிச் சபையைச் சேர்ந்த தந்தை தராஸ் அவர்கள் பஞ்ச காலத்தில் இப்பகுதி ஏழையரிடையே உழைத்தவர். ஒடுக்கப்பட்ட மக்கள் பலர் அக்காலத்தில் திருமுழுக்குப் பெற்று இறைமக்களாயினர். 1952-இல் உருவான வேலூர் மறைமாவட்டத்தின் வேர்களுள் ஒன்று அந்தப் பஞ்ச மண்ணில் ஊன்றியதே. சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என இவர்களைப் பழித்தவர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். பசித்தவனுக்கு உணவளிப்பதும், உணவளித்தவரின் கடவுளைப் பசித்தவன் நாடுவதும் இழிவென்றால், நற்செய்தியில் அப்பம் பலுகச் செய்த நிகழ்ச்சியை நாம் எப்படி வாசிப்பது?

பஞ்சத்தை ஆராய்ந்த அரசு ஆணைக்குழு 1880-இல் தந்த அறிக்கை, வறட்சிப் பகுதிகளுக்கு இருப்புப்பாதைகளை விரைந்து அமைக்க வேண்டும் என வற்புறுத்தியது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் உள்நாட்டுப் பாதைகள் பல எழுந்தன. கடலோரத்தை விட்டு மேற்கே திரும்பி, திருக்கோவலூர், திருவண்ணாமலை, போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம், வேலூர் என வானம் பார்த்த பூமியைக் கடந்து காட்பாடியை அடையும் நமது பாதையும் இக்காலத்ததே. திருவண்ணாமலை அன்று தென்னார்க்காட்டைச் சேர்ந்த ஒரு வட்டம். இதே தருணத்தில், 1890-இல், பழைய கம்பெனியின் சொத்துகளை அரசு விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆயினும் அதே பெயரில் இலண்டனில் அமைந்த புதிய கம்பெனியிடமே வண்டிகளை நடத்தும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. உடைமை அரசுடையது, நிர்வாகம் கம்பெனியுடையது, உழைப்பு நம்மவருடையது.

கம்பெனியார் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. சரக்கைப் பற்றியே மிகுதியும் கணக்கிட்டிருந்த அவர்களது வண்டிகளை மக்கள் நிறைத்தனர். பல சாதியார் ஒரே பெட்டியில் உட்கார்ந்து வருவார்களா என ஆங்கிலேயர் சிலர் ஐயுற்றிருந்தனர். மக்களோ முண்டியடித்து ஏறினர். பயணிகளால் கிட்டிய வருவாயில் பெரும்பகுதி மூன்றாம் வகுப்பு மக்கள் அளித்த அணாக்களே. அவர்களுள் எத்தனையோ பேர் யாத்திரிகர். சிதம்பரம், திருவரங்கம், மதுரை, இராமேசுவரம், நாகூர், வேளாங்கண்ணி என எச்சமயத்தவருக்கும் ஒரு தலம் இப்பாதைகளின் ஓரத்தில் காத்திருந்தது. மாட்டு வண்டியில் பல நாள் சென்ற தொலைவை ஓர் இரவில் கடக்க முடிந்தது. கைம்பெண்ணும் முதியவரும் தம் வாழ்நாள் வேண்டுதலை நிறைவேற்ற இயன்றது. பங்குதாரரின் ஏட்டில் இதற்கு இடமில்லை. மக்களின் நெஞ்சில் எழுதப்பட்ட இன்னொரு கணக்கு இது.

மூன்றாம் வகுப்பின் மரப்பலகைக்குச் சாதி தெரியாது. நெரிசலில் தோளோடு தோள் உரசத்தான் வேண்டும். ஆனால் வண்டி நின்ற நிலையத்தில் சாதி காத்திருந்தது. பார்ப்பனர்க்கு ஓர் உணவிடம், மற்றவர்க்கு ஓர் உணவிடம் எனத் தென்னிந்திய இரயில்வே நிலையங்களில் நெடுங்காலம் பிரித்து வைத்திருந்தனர். பெரியார் ஈ.வெ.ரா. அவர்களின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941-இல்தான் அப்பிரிவினை ஒழிந்தது.

இதனைச் சொல்லிக் கம்பெனியையோ பிற சமயத்தாரையோ குறை கூறி நாம் கைகழுவிவிட முடியாது. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஆலயங்கள் சிலவற்றின் உள்ளே என்ன இருந்தது? வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்திய சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அதற்காக வழக்கு மன்றம் வரை சென்றவரும் உண்டு. இலாபத்துக்காக ஓடிய இரயில் பெட்டியில் அருகருகே அமர்ந்து வந்தவர்கள், ஒரே அப்பத்தில் பங்கு பெறும் பீடத்தின் முன் தனித்தனியே நிற்க வேண்டியிருந்தது. கல்லறைத் தோட்டங்களில் அச்சுவரின் நிழல் முற்றிலும் மறைந்துவிட்டதா என்பதை அவரவர் பங்கில் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றொரு மனச்சான்றுக் கேள்வி உழைப்பாளரைப் பற்றியது. திருவண்ணாமலைப் பாதை உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், 1891 மே 15-ஆம் நாள், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளிக்கு நியாயமான கூலி உரிமை என்றும், சங்கம் அமைப்பது அவனது இயல்பான உரிமை என்றும் அது முழங்கியது. அக்குரல் கம்பெனியின் பட்டறைகளை எட்டச் சில பத்தாண்டுகள் பிடித்தன. நாகப்பட்டினத்திலிருந்த தொழிற்கூடத்தைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றி, ஆட்குறைப்பும் செய்ய முற்பட்டபோது, 1928 ஜூலையில் தொழிலாளர் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தனர். தண்டவாளத்தில் படுத்து வண்டிகளை மறித்தனர். தலைமை தாங்கிய சிங்காரவேலர் முதிய வயதில் சிறை சென்றார். வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. நிர்வாகம் 1944-இல் கம்பெனியிடமிருந்து அரசின் கைக்கு மாறிய பின்னரும் அடக்குமுறை தீரவில்லை. 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் பொன்மலையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். அவ்வூரின் தொழிலாளர் குடும்பங்களில் கத்தோலிக்கக் குடும்பங்களும் பல. சுற்றுமடலை மறையுரையில் போற்றுவது எளிது. பட்டறை வாயிலில் நின்று பொருள் காண்பது அரிது.

இப்போது மீண்டும் அம்மாணவனிடம் வருவோம். 1896-இல் வந்தவரைத் தேடி, அரை நூற்றாண்டுக்குப் பின், 1949 ஜனவரியில் கத்தோலிக்கக் குருக்கள் இருவர் திருவண்ணாமலைக்கு வந்தனர். ஒருவர் லியோன் மறைமாவட்டத்தைச் சேர்ந்த தந்தை ஜூல்ஸ் மொன்ஷானின். மற்றவர் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவி தந்தை ஆன்ரி லெ சோ. சுவாமி அபிஷிக்தானந்தர் என நாம் அறிந்தவர். அம்மலையின் மௌனமும் அம்முனிவரின் பார்வையும் தந்தை லெ சோவின் உள்ளத்தை வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை. பின்னாளில் அம்மலையின் குகைகளிலேயே அவர் தங்கித் தவம் இருந்தார். 1950-இல் இருவரும் சேர்ந்து குளித்தலை அருகே காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமமாகிய சாந்திவனத்தை நிறுவினர். அந்தக் குளித்தலை, திருச்சியிலிருந்து ஈரோட்டுக்குக் கிரேட் சதர்ன் கம்பெனி இட்ட பாதையில் உள்ள நிலையம். பிற சமயங்களில் காணும் உண்மையும் தூய்மையுமான எதனையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்ததற்கு முன்பே, நம் தமிழ் மண்ணில் இத்தேடல் தொடங்கிவிட்டது.

படைகளும் வரிப்பணமும் விரைந்து செல்லவே உரோமைப் பேரரசர் கற்சாலைகள் அமைத்தனர். அச்சாலை ஒன்றில் விலங்கு பூண்ட கைதியாகத் தூய பவுல் நடந்து சென்றார். நற்செய்தியும் அவரோடு நடந்தது. பஞ்சும் கடலையும் போக இலண்டன் பங்குதாரர் இட்ட தண்டவாளத்தில், மூன்று ரூபாயோடு ஒரு சிறுவன் இறைவனைத் தேடிச் சென்றான். மனிதர் தம் நோக்கத்துக்காக அமைக்கும் பாதைகளை இறைவன் தம் நோக்கத்துக்கும் பயன்படுத்துகிறார். இதில் ஐயமில்லை. ஆனால் இதனைக் காட்டி, சாலை அமைத்த பேரரசின் கொடுமையை நாம் நியாயப்படுத்துவதில்லை. அவ்வாறே இரயிலால் விளைந்த நன்மையைக் காட்டி, உத்தரவாத வட்டியையும், பஞ்சத்தில் மாண்டோரையும், சுடப்பட்ட தொழிலாளரையும் மறந்துவிடலாகாது. இறையருள் கம்பெனியின் கடன்களைத் தள்ளுபடி செய்யும் கருவியன்று. இரு கணக்குகளையும் ஒருசேர வைத்து வாசிப்பதே கிறித்தவரின் வரலாற்றுப் பார்வை.

1951 ஏப்ரல் 14-ஆம் நாள், பழைய தென்னிந்திய இரயில்வே, சென்னை - தென் மராட்டா இரயில்வே, மைசூர் இரயில்வே மூன்றும் இணைந்து தெற்கு இரயில்வே ஆயிற்று. இரமணர் மறைந்து சரியாக ஓராண்டு நிறைவுற்ற நாள் அது. விழுப்புரம் - காட்பாடி மீட்டர் பாதை பெயர்க்கப்பட்டு, 2010-ஆம் ஆண்டளவில் அகலப்பாதையில் வண்டிகள் ஓடலாயின. அதே 2010-இல் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. 2024-இல் சென்னைக் கடற்கரை - வேலூர் வண்டி திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. சென்னையிலிருந்து நேராக வந்திறங்க ஏழை யாத்திரிகருக்கு அது பேருதவியாயிற்று. வகுப்பின் பெயர்கள் மாறிவிட்டன. முன்பதிவில்லாத பெட்டியின் நெரிசல் மாறவில்லை.

இப்பாதைக்கு முதலிட்டோர் பெயர்களைக் கம்பெனியின் ஏடுகள் காத்தன. வெயிலில் கல் சுமந்து கரை எழுப்பியவர்களுக்கு எந்த நிலையத்திலும் ஒரு கல்வெட்டு இல்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அதிகாலைப் பனியில், சுத்தியலும் கையுமாகத் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நடக்கின்றனர். அடுத்த முறை வேளாங்கண்ணிக்கோ வேறெங்கோ நாம் இரயிலில் செல்லும்போது, பயணம் நலமாக அமையச் செபமாலை சொல்லத் தொடங்குவோம். அதில் ஒரு பத்து மணியை, சன்னலுக்கு வெளியே பாதையோரம் ஒதுங்கி நின்று நம் வண்டிக்கு வழிவிடும் அந்த கேங்மேனுக்காகவும், அவருக்கு முன் அவ்விடத்தில் உழைத்து மடிந்த பெயரறியாதோருக்காகவும் ஒப்புக்கொடுப்போம். அவருடைய கூலியும் பாதுகாப்பும் குறைந்தால், அவருக்காகக் குரல் கொடுக்கவும் தயங்காதிருப்போம்.